ஆறாத உறைகள்

எங்கள் ரயில்வே பீடர் ரோட்டில், கரண்டு சார் எபனேசர் வீட்டு அலமாரிக்குள் இருந்த அறுபத்து மூன்று தபால் உறைகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் சூடாகத் தொடங்கின. யாரும் தீ வைக்கவில்லை, வெயில் விழவில்லை, அலமாரிக்குப் பின்னால் ஒயர் எதுவும் ஓடவில்லை, என்றாலும் மத்தியானத்துக்குள் அவை சோறு வடித்த பானையின் அடிப்பக்கம் போல ஆகிவிட்டன. காகிதம் கருகவில்லை, மை கலையவில்லை. சேலை எடுக்கக் கதவைத் திறந்த சாரின் மனைவி ரூத் அக்கா கையை உதறிக்கொண்டு, "இந்தாங்க, உங்க லெட்டரெல்லாம் கொதிக்குது, வந்து இறக்கி வையுங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்கிற அதே குரல்தான்.

எபனேசர் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் கணக்கெடுத்தவர். வடவேம்பூர் வட்டாரத்தில் அவர் ஏறாத படி இல்லை, அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. அட்டையில் யூனிட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "வீட்ல பழைய தபால் உறை ஏதும் கிடக்கா?" என்று கேட்பார். சனங்கள் பரணில் இருந்தும், டிரங்குப் பெட்டியில் இருந்தும், கம்பியில் குத்தித் தொங்கவிட்ட கட்டுகளில் இருந்தும் எடுத்துக் கொடுப்பார்கள். அவருக்குத் தபால்தலை முக்கியம் இல்லை, அதன்மேல் விழுந்த முத்திரைதான் முக்கியம். எந்த ஊர், எந்தத் தேதி, வட்டம் முழுசாக விழுந்திருக்கிறதா, எழுத்துத் தேய்ந்திருக்கிறதா. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர்ப்பெயரைத் தப்பாக வெட்டிய முத்திரை அவரிடம் இருந்தது, ரயிலிலேயே வைத்துக் குத்திய முத்திரை இருந்தது, பனைவெல்லச் சங்கத்துக்குள் ஒரே ஒரு வருஷம் நடந்த தபாலாபீஸின் முத்திரை இருந்தது. உள்ளே கடிதம் இருந்தால் அதை உருவி வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று சொன்னால் வாசலிலேயே போட்டுவிட்டு உறையை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்வார். கடிதம் இருந்தால் உறை புடைக்கும், ஆல்பத்தில் படிந்து உட்காராது.

வட்டாரத்தின் நாற்பத்தேழு தபாலாபீஸ்களில் நாற்பத்தாறின் முத்திரைகளைச் சேர்த்துவிட்டார். கிடைக்காத ஒன்று கள்ளிமுனை. கடற்கரையில் உப்பளத் தொழிலாளிகள் இருக்கிற சின்னக் குடியிருப்பு அது. அங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஒரு கிளைத் தபாலாபீஸ் திறந்து அறுபத்து நாலில் மூடிவிட்டார்கள். அளத்து முதலாளி வேலாயுதம்தான் அதற்குப் போஸ்ட்மாஸ்டர், அவருடைய உப்பு ஆபீஸின் முன்னறைதான் தபாலாபீஸ். அந்தக் காலத்தில் அப்படித்தான், எழுதப் படிக்கத் தெரிந்த பெரிய மனுஷன் யாரோ அவரிடம் முத்திரைக் கட்டையையும் தபால் பையையும் கொடுத்துவிடுவார்கள்.

போன வருஷம் வேலாயுதத்தின் பேரன் பாலசுந்தர், அளத்தை மூடி இறால் பண்ணை ஆக்கியவன், பழைய உப்பு ஆபீஸை இடித்தபோது சுவர் அலமாரிக்குள் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. பழைய காகிதம் என்றால் கரண்டு சார் வாங்குவார் என்று யாரோ சொல்ல, அவன் ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினான்.

எபனேசர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். பதினைந்து நயா பைசா உறைகள் அறுபத்து மூன்று, ஒவ்வொன்றிலும் முழு நிலா மாதிரி கள்ளிமுனை முத்திரை, அறுபத்தொன்று அக்டோபரில் தொடங்கி அறுபத்து மூன்று ஜனவரி வரைக்கும் வாரத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே கையெழுத்து, எல்லாம் ஒரே விலாசம்: மாவட்டக் கலெக்டர் ஐயா அவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரையின் வட்டத்தை அளந்தார், இருபத்தெட்டு மில்லிமீட்டர். தபால்தலை சேகரிப்போர் சங்கத்தின் இதழில் நாலு பக்கம் எழுதினார். அதில் ஒரு வரி இப்படி: 'உறைகளின் பின்புறத்தில் சென்றடைந்த ஊரின் முத்திரை காணப்படவில்லை, எனவே இவை பயணப்படாதவை, அதனாலேயே மிக நல்ல நிலையில் உள்ளன.'

பயணப்படாதவை. பதினைந்து மாதம் வாரம் தவறாமல் ஒரு ஊர் கலெக்டருக்கு எழுதியிருக்கிறது, ஒரு காகிதம்கூடப் போய்ச் சேரவில்லை, அதற்கு அந்தப் படித்த மனுஷன் வைத்த பெயர் நல்ல நிலை. இதை இப்போது எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டுரையை அவர் எங்களுக்கும் வாசித்துக் காட்டினார், நானும் "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றுதான் சொன்னேன்.

சென்னையில் நடக்கும் தபால்தலைக் கண்காட்சியில் இந்த உறைகளை வைக்க அனுமதி வந்த மறுநாள்தான் அவை சூடாகின.

நாங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டோம் என்பதைத்தான் சொல்லவேண்டும். யாரும் அலறவில்லை. முதலில் மின்வாரியத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள், ரிட்டயர்டு ஆனவர் திருட்டுக் கரண்டு இழுத்து ஏதோ காய்ச்சுகிறார் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அவர்கள் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஆல்பத்தின்மேல் டீயை வைத்துச் சூடாக்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு எதிர்வீட்டு வசந்தா அப்பளம் கொண்டுவந்தாள், அன்று மழைமூட்டம், வெயில் இல்லை. பக்கங்களை விரித்து மேலே வேட்டித்துணி போட்டு அதன்மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள், ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. எங்கள் வீட்டு மாவு அதன் பக்கத்தில்தான் புளித்தது. இஸ்திரி போடுகிற மாரிக்கண்ணு கரிப்பெட்டியை விற்றுவிட்டு, சட்டைகளை இரண்டு பக்கங்களுக்கு நடுவே வைத்து அமுக்கி எடுத்தான், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கைக்குழந்தைக்குச் சளி என்றால் தூக்கி வந்து பக்கத்தில் படுக்க வைத்தார்கள். உறைகள் மொத்தம் அறுபத்து மூன்று என்பதால் சிவன் கோவில் தெருக்காரர்கள் அவற்றை அறுபத்து மூவர் என்று கூப்பிட்டார்கள், ஒருத்தி ஆல்பத்தின் அட்டையில் குங்குமம் வைத்துவிட்டுப் போக, எபனேசர் அதைத் துடைக்க, மறுநாள் இன்னொருத்தி வைத்தாள். சர்ச்சில் பாஸ்டர், பைபிளில் வரும் எரிந்தும் வெந்துபோகாத முட்செடியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். மூட்டுவலிக்காரர்கள் காலையில் ஏழு மணிக்கே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள், ரூத் அக்கா ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முழங்காலில் ஆல்பத்தை வைத்து எடுத்தாள்.

இத்தனை பேர் அந்தச் சூட்டில் குளிர்காய்ந்தோம், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, இது ஏன் சுடுகிறது என்று கேட்கவில்லை. உறையில் விலாசம் பச்சையாகத் தெரிகிறது, எங்களுக்கெல்லாம் வாசிக்கவும் தெரியும்.

முத்துப்பேச்சி அந்த வரிசையில்தான் வந்தாள். கள்ளிமுனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். எழுபத்தொன்பது வயது, உப்பு தின்று வெடித்த பாதம், இரண்டு முழங்காலும் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தன. பேரன் பெண்டாட்டி கூட வந்திருந்தாள். ரூத் அக்கா ஆல்பத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, "கொஞ்சம் சுடும், பொறுத்துக்கிடுங்க" என்று அவள் மடியில் வைத்தாள்.

முத்துப்பேச்சி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "எங்கம்மா சுடுது? சில்லுன்னுல்லா இருக்கு" என்றாள்.

ரூத் அக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "எனக்குச் சுட்டுப் பொத்துதே! ஒங்களுக்குத் தெரியலையா?"

பக்கத்தில் இருந்த கிழவர் தொட்டார், அவருக்கும் சுட்டது. முத்துப்பேச்சி மட்டும் தன் இரண்டு உள்ளங்கையையும் அந்தப் பக்கத்தின் மேல் விரித்து வைத்தாள், பச்சைத் தண்ணீரில் வைப்பது போல வைத்திருந்தாள், பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முதல் உறையைப் பார்த்தாள். விரலால் எழுத்தின் மேல் போனாள். இரண்டாவது உறையைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

"இது எங்கையெழுத்து," என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேரன் பெண்டாட்டி, "சும்மா கெட கெழவி, ஒனக்கெங்க எழுத்து தெரியும்?" என்றாள். கிழவிக்கு எழுதத் தெரியும் என்பது பின்னால் வந்த அவளுக்குத் தெரியாது. முத்துப்பேச்சி எழுதி அறுபது வருஷம் ஆயிற்று.

எபனேசர் உள்ளே இருந்து வந்தார். அவர் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கரண்டு சார், இது இங்க எப்படி வந்துச்சு? இது கலெக்டராபீஸ்லல்லா இருக்கணும்?"

அவர் சொன்னார். உப்பு ஆபீஸ், இடிப்பு, சாக்கு மூட்டை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தாமல், எங்கள் யாரையும் பார்க்காமல், பேச ஆரம்பித்தாள்.

கள்ளிமுனையில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் அவள் ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயசு. அளத்தில் பெண்கள் மத்தியானத்தில் ஒரு நாழிகை நிழலில் உட்கார விடவேண்டும் என்று கேட்டார்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி வேலாயுதம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, மறுநாள் ஆள் விட்டு வாய்க்காலை வெட்டி, ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குள் உப்புத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். கலெக்டருக்கு எழுது என்று ஊர் சொன்னது. கார்டில் எழுதினால் முதலாளி படித்துவிடுவார், உறையில் போட்டு ஒட்டி அனுப்பு என்றது. அந்த உறையையும் முதலாளியிடம்தான் வாங்கினார்கள், அவரிடமேதான் கொடுத்தார்கள், அவர் கண்முன்னாலேயே டப் என்று முத்திரை குத்துவார், "போ, நாளைக்குப் போயிரும்" என்பார்.

"டப்புன்னு குத்துவாரு," என்றாள் முத்துப்பேச்சி. "அந்தச் சத்தத்த நம்புனோம்."

பதில் வரவில்லை. வாரம் ஒன்று எழுதினாள். பதில் வரவில்லை. ஊர் முதலில் கலெக்டரைத் திட்டியது, பிறகு சர்க்காரைத் திட்டியது, பிறகு இவளைத் திட்டியது. இவளுக்கு எழுதத் தெரியவில்லை, எழுத்து கோணல், மரியாதை இல்லாமல் எழுதியிருப்பாள், ராசியில்லாத கை. கிணறு போயிற்று, ஒன்பது பிள்ளைகள் வயிற்றால் போய்ச் செத்தன, எல்லாம் இவள் கையால் வந்தது என்றார்கள். பேனாவைப் பிடுங்கிக் கடலில் போட்டது அவளுடைய சொந்த அப்பா. கல்யாணத்துக்கு மொய் எழுதக்கூட யாரும் கூப்பிடவில்லை. கட்டிக்கொண்டவன் சாகிறவரைக்கும், "நீ எழுதிக் கெடுத்தவட்டி" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொன்னான். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். தான் சரியாக எழுதவில்லை என்று அறுபது வருஷமாக நம்பியிருந்தாள்.

"நாந்தான் ஒன்பது பிள்ளையையும் கொன்னேன்னு நெனச்சிருந்தேன், சார்," என்றாள். "எந் தங்கச்சி மாடத்தியையும் சேர்த்து."

வசந்தா தன் அப்பளங்களை அள்ளத் தொடங்கினாள். எனக்கும் எங்கள் மாவுச் சட்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

முத்துப்பேச்சி ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள். எபனேசருக்கு அப்போதுதான் உயிர் வந்தது போலிருந்தது. "அக்கா, அக்கா, அது ஆல்பம்... கண்காட்சிக்குப் போகவேண்டியது. நான் ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன். பிரிக்காம இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. நாடு பூரா வந்து பார்ப்பாங்க, கள்ளிமுனை பேரு தெரியும்..."

"யாரு பார்ப்பாக?"

"எல்லாரும்."

"படிப்பாகளா?"

அவர் அவள் கக்கத்தில் இருந்த ஆல்பத்தைப் பார்த்தார்.

"வேலாயுதம் பதினஞ்சு மாசம் அமுக்கி வச்சிருந்தான்," என்றாள் அவள். "அவனாவது நமக்கு எதிரி. நீரு எதுக்குவே வருஷம் பூரா அமுக்கி வச்சிருந்தீரு? மேல எழுதியிருக்குல்லா, கலெக்டருக்குன்னு? ஒமக்குப் படிக்கத் தெரியாதா?" சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'வே' என்று சொன்னது எங்கள் எல்லோருடைய காதிலும் விழுந்தது. "ஒரு காலணாக் கார்டுல, அம்மா இப்படிக் கெடக்கு, வந்து வாங்கிக்கிடுன்னு ஊருக்கு எழுதிப் போடணும்னு தோணலையா? வட்டத்த அளந்தீரோ? எத்தன இருந்துச்சு?"

ரூத் அக்காதான் பேசினாள். "இருபத்தெட்டாம். எங்கிட்ட பத்து தடவை சொல்லியாச்சு." பிறகு புருஷனிடம் திரும்பி, "திங்கக்கிழமை கலெக்டராபீஸ்ல மனு வாங்குற நாள். நீங்க அவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க. இல்லன்னா இந்த வீட்ல ஒரு உறை இருக்காது, எல்லாத்தையும் நானே அடுப்புல போடுவேன்," என்றாள்.

சங்கத்துச் செயலாளர் போனில் கெஞ்சினார். என்ன ஆனாலும் பிரிக்காதீர்கள், கிழவியிடம் பேசி ஏதாவது செய்யுங்கள், தங்கப் பதக்கம் நிச்சயம் என்றார். எபனேசர் போனை வைத்துவிட்டுத் தன் கட்டுரையை எடுத்து அந்த 'பயணப்படாதவை' வரியை மறுபடி வாசித்தார் என்று ரூத் அக்கா சொன்னாள்.

அன்றைக்கு ஆல்பத்தை ரூத் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய முத்துப்பேச்சியிடம், கடிதங்களைப் பிரித்துப் பார்க்கலாமே என்று நாங்கள் சொன்னோம், எங்களுக்கு ஆவலாக இருந்தது. அவள் சம்மதிக்கவில்லை. "ஒங்களுக்கா எழுதுனேன்? எழுதுனது யாருக்கோ அவுக பிரிக்கட்டும்."

திங்கட்கிழமை கள்ளிமுனையில் இருந்து நாற்பது பெண்கள் வந்தார்கள். எபனேசர் தாம்பாளத்தில் வைத்த மாதிரி ஆல்பத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார், துணி எதுவும் சுற்றாமல். கை பொத்தியது, முகம் கோணியது, ஆனால் கைமாற்றவில்லை. நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதை மறைக்கவில்லை.

மனு பதிகிற இடத்தில் இருந்தவர் ஒரு உறையைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். "பாட்டி, இதுல செல் நம்பர் இல்லையே."

"அப்ப செல்லு இல்லைய்யா."

"இந்த விலாசம் பழைய மாவட்டம். அதை ரெண்டாப் பிரிச்சாச்சு. இதுல இருக்கிற மாவட்டமே இப்ப இல்ல."

"நாங்க இருக்கோம்லா."

"ஒரு ஆளுக்கு ஒரு மனுதான். அறுபத்து மூணு வாங்க முடியாது."

"வாரத்துக்கு ஒண்ணுதான் போட்டேன். நீங்க சேர்த்து வச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?"

பின்னால் இருந்த நாற்பது பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு ஊழியர், பேச்சு நடக்கும்போதே, ஆறிப்போன தன் காப்பியை ஆல்பத்தின் ஓரத்தில் நைசாக வைத்தார். முத்துப்பேச்சி அந்தக் கிளாஸைத் தட்டிவிட்டாள். கிளாஸ் உடைந்த சத்தத்தில்தான் மேடையில் இருந்த ஆட்சியர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆட்சியர் சின்ன வயசுப் பெண், வடக்கே இருந்து வந்தவர், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். "என்ன கோரிக்கை, அம்மா?" என்றார்.

"பிரிச்சுப் படிங்க."

"சுருக்கமா சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன். எழுதியாச்சு."

ஆட்சியர் ஒரு ஸ்கேலால் முதல் உறையைக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு எபனேசர் கண்ணை மூடிக்கொண்டார். நாலாக மடித்த கோடு போட்ட காகிதம். ஆட்சியர் முதலாம் வகுப்புப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார், அதனால் அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"சமூ...கத்திற்கு. கள்ளிமுனை உப்பளத் தொழி...லாளர்கள் எழுதிக்கொள்வது. எங்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றில் முதலாளி உப்புத் தண்ணீரை விட்டுவிட்டார். தாங்கள் உடனே வந்து பார்க்கவும். என் தங்கை மாடத்தி தாகம் தாங்க மாட்டாள். இப்படிக்கு, ஊருக்காக, மு. முத்துப்பேச்சி."

ஆட்சியர் நிமிர்ந்தார். "மாடத்தி இப்போ எங்க இருக்காங்க?"

"அது பதினோராவது லெட்டர்ல வரும்," என்றாள் முத்துப்பேச்சி. "நீங்க இன்னும் அங்க வரலை. படிங்க."

அவர் படித்தார். படித்து முடித்த கடிதம் ஆறியது. அவர் மேசையில் வைத்ததும் நான் தொட்டுப் பார்த்தேன், வெறும் காகிதம். ஒவ்வொரு கடிதமும் ஆற ஆற, கள்ளிமுனைப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் புழுங்கியது, அவர்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள், பிறகு விசிறுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எட்டாவதில் கிணற்றில் மீன் செத்து மிதந்தது. பதினொன்றாவதில் இரண்டே வரி: மாடத்தி நேற்று இறந்துபோனாள், வயது நாலு. தாங்கள் உடனே வந்து பார்க்கவும். ஆட்சியர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார், திறந்தார், குடிக்காமல் மூடி வைத்தார். யாரோ சாப்பாட்டு நேரம் என்றார்கள், அவர் கையால் அடக்கினார். நாற்பதாவதில், 'என் எழுத்து சரியில்லை என்று ஊரார் கோபிக்கிறார்கள், அதனால் இந்த முறை நன்றாக நிறுத்தி எழுதுகிறேன்' என்று இருந்தது, அந்தக் கடிதம் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது, கோட்டை விட்டு ஒரு எழுத்து இறங்கவில்லை. அதை வாசித்தபோது கள்ளிமுனைப் பெண்களில் வயசான ஒருத்தி எழுந்து, முத்துப்பேச்சியின் முன்னால் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். முத்துப்பேச்சி அவளைப் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

எபனேசர் எப்போது கண்ணைத் திறந்தாரோ தெரியாது. ஐம்பதாவது வாக்கில் பார்த்தேன், அவரே உறைகளை ஒவ்வொன்றாக ஆல்பத்தில் இருந்து பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தார், முத்திரையின் மேலேயே கிழிந்தாலும் பார்க்கவில்லை.

அறுபத்து மூன்றாவது கடிதத்துக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஆட்சியருக்குக் குரல் கம்மியிருந்தது.

"கலெக்டர் ஐயாவுக்கு. இது கடைசி. இனி உறை வாங்கித் தர மாட்டோம் என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். தங்களுக்கு உடம்பு சுகம்தானா? இத்தனை கடிதம் போட்டும் தாங்கள் வரவில்லை என்றால் தங்களுக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சுகமானதும் உடனே வந்து பார்க்கவும்."

ஆட்சியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பு தொடங்கச் சொன்னார். கிணறு இருந்த இடம் இப்போது யார் பட்டாவில் இருக்கிறது என்று கேட்டார், பாலசுந்தரின் இறால் பண்ணை என்றார்கள். நில அளவையர் போவார், பதினைந்து நாளுக்குள் அறிக்கை வரும் என்றார். நல்ல பெண்தான், மனசாரத்தான் சொன்னார்.

"பதினஞ்சு நாளா?" என்றாள் முத்துப்பேச்சி. அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து நடந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நாற்பது பெண்களும் கொதித்தார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உடம்பு சுட்டது. பக்கத்தில் உட்கார முடியாமல் நான் எழுந்து நின்றேன், கண்டக்டர் டிக்கெட்டை எட்டி நின்று கொடுத்தான். எங்கள் தெருவில் மறுநாள் காலையில் மூட்டுவலிக்காரர்கள் வழக்கம்போல வந்து, ஆல்பம் காலி என்று தெரிந்ததும் கரண்டு சாரைத் திட்டினார்கள். இஸ்திரிக்கார மாரிக்கண்ணு, "கரிப்பெட்டிய வேற வித்துப் போட்டேனே, எங்க சூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துட்டீங்களே" என்று சண்டைக்கு வந்தான். எங்க சூடு என்றான். எபனேசர் சைக்கிளில் ஏறிக் கள்ளிமுனைக்குப் போய்விட்டார்.

அங்கே விடிந்ததில் இருந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். இறால் பண்ணையின் தென்மூலையில் கரையை உடைத்து, நாற்பது பேரும் மண்வெட்டி போட்டார்கள். முத்துப்பேச்சி ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து, இங்கே, இன்னும் மேற்கே, என்று கையைக் காட்டினாள். போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றவளின் கையைப் பிடித்தார், பிடித்த வேகத்தில் விட்டார், உள்ளங்கையில் கொப்புளம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு வேப்பமரத்து நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பாலசுந்தர் காரில் வந்து இறங்கினான். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. "பாட்டி, எங்க தாத்தா செஞ்சதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் அப்ப பிறக்கவே இல்லையே?" என்றான்.

"நீ ஒண்ணும் செய்யாண்டாம்," என்றாள் முத்துப்பேச்சி. "தள்ளி நில்லு. மண்ணு விழும்."

மூன்றாம் நாள் கிணற்றின் சுற்றுச்சுவர் தட்டுப்பட்டது. உள்ளே மண் இல்லை, உப்பு, கல் கல்லாக இறுகிய உப்பு, கடப்பாரையால் உடைக்க வேண்டியிருந்தது. எட்டாம் நாள் அடியில் தண்ணீர் ஊறியது. முத்துப்பேச்சிக்கு ஒரு சிரட்டையில் மொண்டு கொடுத்தார்கள். வாயில் ஊற்றிவிட்டுத் துப்பினாள்.

"உப்பு," என்றாள். "இறைங்க."

எபனேசர் மின்வாரியத்துப் பழக்கத்தில் எங்கோ சொல்லி ஒரு மோட்டார் கொண்டுவந்து மாட்டினார். உப்பு அதை நாலு நாளில் தின்றுவிட்டது. இன்னொன்று வந்தது, அதையும் தின்றது. பிறகு வாளிதான். நில அளவையர் வந்து அளந்துவிட்டுப் போனார், பாலசுந்தரின் வக்கீல் கோர்ட்டில் தடை வாங்கினார், கள்ளிமுனைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், ஆட்சியரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். வாளி நிற்கவில்லை. எங்கள் தெருவில் இருந்து முதலில் போனது வசந்தா, அப்புறம் ரூத் அக்கா, இருபதாம் நாள் நான். முத்துப்பேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை, கயிற்றைத் தூக்கி என் கையில் போட்டாள். தோள்பட்டை இற்றுப்போகிறவரைக்கும் இழுத்தேன்.

சாயங்காலம் ஆனதும் ஒரு சிரட்டைத் தண்ணீரை அவளிடம் கொண்டுபோவோம். நேற்றோடு முப்பத்தெட்டு நாள். நேற்று அவள் வாயில் ஊற்றியதும் உடனே துப்பவில்லை. கண்ணை மூடி வைத்திருந்தாள், கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கினாள். எபனேசர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், பெண்கள் வாளியை வைத்துவிட்டுச் சுற்றிலும் வந்தார்கள், நாங்கள் எல்லோரும் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பித் தரையில் துப்பினாள்.

"உப்புதான்," என்றாள். "எதுக்கு நிக்கிய? இறைங்க."

நாங்கள் வாளியை இறக்கினோம்.